மைமை அசையவில்லை

தாவ் டீச்சரிடம் இரண்டு வருஷம் நடனம் படித்தும், தன் மகள் மைமைக்குப் பின்பக்கமாக வளைந்து தரையில் கை ஊன்றத் தெரியவில்லை என்பது யூன்சியாவுக்குத் தீராத மனக்குறை. மனக்குறையை உள்ளேயே வைத்துப் புழுங்குகிற ரகம் இல்லை அவள். தன் கடைக்குக் காலையில் நூடுல்ஸ் சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கிண்ணத்தில் மிளகாய் எண்ணெயை ஊற்றிக்கொண்டே சொல்வாள். கேட்கிறவர் பாவம், வாய் நிறைய நூடுல்ஸை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார்.

"எதிர்த்த தெரு வெள்ளி அன்னம் டான்ஸ் கிளாஸுக்குப் போன கையோட அந்த ஹான்ஹான் வில்லு மாதிரி வளையறா. நம்மளது இன்னும் தரையில உருண்டுக்கிட்டுக் கெடக்கு."

உருண்டுகொண்டு கிடப்பது பொய் இல்லை. காய்கறிச் சந்தைக்கு மேல்மாடியில் நடக்கும் அந்த வகுப்பில் பிள்ளைகள் பூனை மாதிரி முதுகைத் தூக்குவார்கள், பல்லி மாதிரி ஊர்வார்கள், தலையில் அரிசிப் பையை வைத்துக்கொண்டு நடப்பார்கள். வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பார்கள். மாதக் கடைசியில் பெற்றோர் எல்லாரும் கண்ணாடிச் சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கும் நாளில்கூட இதே கூத்துதான். போதாக்குறைக்கு அந்த மரப்பொம்மை ஆட்டம் வேறு.

மரப்பொம்மை ஆட்டம் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் ஆடுவதுதான். ஒருத்தி திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் சிலையாக நிற்க வேண்டும், அசைந்தவள் அவுட். தாவ் டீச்சர் அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தாள். யாருக்காவது முதுகில் வலி, காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் அவள் "மரப்பொம்மை!" என்று கத்திவிட்டு இருந்த இடத்திலேயே படுத்துக்கொள்ள வேண்டும். அசையக் கூடாது. யார் தூக்க வந்தாலும் "தொடாதீங்க, டீச்சரைக் கூப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். தூக்க வருவது சொந்த அம்மாவாக இருந்தாலும் சரி. தொட்டவர் அவுட்.

பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம். கால் வலிக்காத நாளிலும் கத்திவிட்டு ஹாயாகப் படுத்துக்கொள்ளும். டீச்சர் ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் மண்டியிட்டு, எங்கே வலி, கால் விரலை ஆட்ட முடிகிறதா என்று பொறுமையாகக் கேட்பாள். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள்.

"காசு குடுத்துப் படுக்கக் கத்துக்கறாங்க" என்றாள் ஹான்ஹானின் அம்மா. அடுத்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளி அன்னத்துக்குப் போய்விட்டாள்.

யூன்சியா அப்படிச் சட்டென்று போகவில்லை. முதலில் பெற்றோர் குழுவில் குரல் செய்தி போட்டாள். "டீச்சர், என் பொண்ணு வீட்டுல நல்லாவே படுக்கறா. அதுக்குத் தனியா கிளாஸ் எதுக்கு? எப்பதான் வளைக்கப் போறீங்க?" கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் வந்து விழுந்தன. யூன்சியாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

டீச்சரின் பதில் சாயங்காலம் வந்தது. "பத்து வயசு வரைக்கும் நான் யாரையும் வளைக்க மாட்டேன், மைமை அம்மா. சின்னப் பிள்ளைங்க முதுகெலும்பு ரப்பர் மாதிரி வளைஞ்சு குடுத்துடும். உள்ள இருக்கற தண்டுவடம் அந்த அளவுக்கு இழுபடாது. மொதல்ல வயித்துக்கும் முதுகுக்கும் பலம் வரட்டும். கோவிச்சுக்காதீங்க."  அன்றைக்கே இரண்டு பேர் குழுவைவிட்டு வெளியேறினார்கள்.

யூன்சியாவைப் பேராசைக்காரி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது அநியாயம். போன வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி, குழந்தைகள் தினத்துக்கு நகர மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சிக்குக் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு போனார்கள். மைமைக்குக் காளான் வேஷம். கடைசி வரிசை, ஓரம். எல்லாக் காளானும் ஒரே மாதிரி இருந்ததில் அவளுடைய அப்பா ஆன்பிங் யாரோ ஒரு பிள்ளையைத் தன் பிள்ளை என்று நினைத்து ஆட்டம் முடியும்வரை கை தட்டினான். வீட்டுக்கு வந்ததும் மைமை, "நான் தும்மினேனே, பாத்தீங்களா?" என்று கேட்டாள். யாரும் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கு யூன்சியாவின் நெஞ்சில் ஏதோ ஒன்று தைத்தது, அது அப்புறம் வெளியே வரவேயில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து சூப்புப் பானைகளை அடுக்குகிறவளுக்கு, தன் பிள்ளை ஒரே ஒரு தடவை முன்வரிசையில் நிற்க வேண்டும் என்ற ஆசை இருக்கக் கூடாதா?

வெள்ளி அன்னத்தில் மைமையைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அங்கே இருந்த இளம் டீச்சர் சிரித்த முகத்துக்காரி. மைமையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"முகம் மேடைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ஆனா ரெண்டு வருஷமா வளைக்கவே இல்லையா? ஐயோ! வர்ற ஞாயித்துக்கிழமை வளைஞ்சு காட்டிட்டான்னா முன்வரிசையில போட்டுடறேன். வீட்டுல பழக்குங்க, தினம் ஒரு வீடியோ எங்க குழுவுல போடுங்க. எல்லா அம்மாவும் போடறாங்க."

உண்மைதான், எல்லா அம்மாவும் போட்டார்கள். கட்டிலில், சோபாவில், துணி காயப்போடும் பால்கனியில் என்று பிள்ளைகள் வளைந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே கட்டைவிரல்களும் பூங்கொத்துகளும். யூன்சியா கடைக் கல்லாவில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். எப்படி இடுப்பைப் பிடிப்பது என்று பார்த்தே கற்றுக்கொண்டாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பயிற்சி.

மதியக் கூட்டம் ஓய்ந்து கடைக் கதவை இறக்கியதும், மாடி அறையில் பாயை விரித்தாள். கைப்பேசியை வினிகர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். கீழே மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த ஆன்பிங் படிக்கட்டு வழியாகக் குரல் கொடுத்தான்.

"என்ன, சர்க்கஸ் கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களா?"

"உனக்கென்னய்யா தெரியும்! அடுத்தவன் பிள்ளைக்குக் கை தட்டினவன்தானே நீ. மொளகாயப் பாரு, கருகுது."

முதல் தடவை நன்றாகவே வந்தது. யூன்சியா இடுப்பைத் தாங்கிக்கொள்ள, மைமை கைகளைப் பின்னால் எறிந்து தரையைத் தொட்டுவிட்டாள். இருவரும் கத்திச் சிரித்தார்கள். இரண்டாவது தடவையும் வந்தது. அதற்கப்புறம் எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள்? பிள்ளையின் முகம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டது.

"அம்மா, போதும்மா."

"ஒண்ணே ஒண்ணு கண்ணு. இது வீடியோக்கு. பல்லு தெரிய சிரிச்சுக்கிட்டே போ."

மைமை சிரித்துக்கொண்டேதான் போனாள். யூன்சியா ஒரு கையை எடுத்து, படத்தில் தன் தலை மறைக்காமல் நகர்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் முழங்கை மடங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. இடுப்பு பாயில் பொத்தென்று விழுந்தது, அவ்வளவுதான். மைமை கொஞ்சம் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஒண்ணும் இல்ல, எழுந்திரு. கீழ வா, சோயாப் பால் தர்றேன்."

"அம்மா, கால்ல எறும்பு ஊருது."

"சும்மா மரத்திருக்கும். எழுந்து நாலு எட்டு நடந்தா சரியாயிடும்."

"நடக்க மாட்டேன். நான் மரப்பொம்மை."

யூன்சியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு வருஷமாகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தையை எடுத்து அம்மாவிடமே காட்டுகிறாளே! குனிந்து அக்குளில் கை கொடுக்கப் போனாள். மைமை வீறிட்டாள். அந்த மாதிரிக் குரலை அவளிடம் யூன்சியா கேட்டதே இல்லை.

"தொடாதே! தொட்டா நீ அவுட்! தாவ் டீச்சரைக் கூப்பிடு!"

சத்தம் கேட்டு ஆன்பிங் கரண்டியோடு மேலே ஓடி வந்தான். பிள்ளை கிடப்பதைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு முதுகைக் காட்டிக் குந்தினான். "ஏத்திவிடு என் முதுகுல. ஸ்கூட்டர்ல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடறேன்." எந்த அப்பனும் அதைத்தான் செய்வான். யூன்சியாவும் ஏற்றிவிட்டிருப்பாள். மைமையின் இரண்டு கைகளும் பாயை இறுக்கிப் பிடித்திருந்தன. கால்கள் மட்டும் யாருடைய கால்களோ போலக் கிடந்தன. அதைப் பார்த்த பிறகுதான் யூன்சியா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இரு. தொடாதே" என்று புருஷனைத் தடுத்தாள்.

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் அந்த நேரத்தில் கூப்பிட்டிருப்பாள், தாவ் டீச்சரைத் தவிர. குழுவில் அத்தனை பேர் முன்னால் கேலி செய்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. கைப்பேசி வினிகர் பாட்டிலில் சாய்ந்து படம் பிடித்துக்கொண்டே நின்றது. ஆன்பிங் தன்னுடையதை அவள் கையில் திணித்தான்.

டீச்சர் எடுத்ததும் விஷயத்தைக் கேட்டாள். திட்டவில்லை. முதல் கேள்வி, "தூக்கிட்டீங்களா?"

"இல்ல."

"உக்கார வச்சீங்களா? நடக்க வச்சீங்களா?"

"இல்ல டீச்சர். அவ விடல."

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. "நல்லது. அப்படியே இருக்கட்டும். தலைக்கு ரெண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைங்க, கழுத்து திரும்பாம. மைமை அப்பாவை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. பின்னால வளையும்போது விழுந்தா, கால் மரத்துப்போச்சுன்னு அப்படியே சொல்லணும், சும்மா விழுந்துட்டான்னு சொல்லக் கூடாது. நான் வர்றேன்."

ஆம்புலன்ஸுக்கு முன்னால் அவள் வந்துவிட்டாள். வீட்டுச் செருப்போடு, மழையில் நனைந்து வந்திருந்தாள். பாயருகே மண்டியிட்டு, வகுப்பில் கேட்கிற அதே குரலில், "எங்க வலிக்குது கண்ணு? விரலை ஆட்டு பாப்போம்" என்றாள். வலது கால் விரல் லேசாக அசைந்தது. இடது கால் அசையவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து அவளைப் பலகையில் மாற்ற நெருங்கியபோது மைமை பயந்துபோனாள்.

"டீச்சர், இவங்க தூக்கினா நான் அவுட்டா?"

"இல்லம்மா. இவங்க தூக்கலாம். நீ ஏற்கெனவே ஜெயிச்சாச்சு."

நான்சாங் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு உடையவில்லை என்றார். யூன்சியா அப்பாடா என்று சாய்வதற்குள், "எலும்பு உடைஞ்சிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும். வீங்கியிருக்கறது தண்டுவடம்" என்றார். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெரும்பாலும் மறுநாள்தான் கொண்டுவருகிறார்களாம். நடக்க வைத்து, காலைத் தேய்த்துவிட்டு, தூங்க வைத்து, காலையில் எழ முடியவில்லை என்று தூக்கிக்கொண்டு வருவார்களாம். "இவளை யாரு அசையாம வச்சிருந்தது?" என்று கேட்டார். யூன்சியா கட்டிலில் கிடந்த மகளைக் கையால் காட்டினாள். 

வலது கால் சில நாளில் திரும்பியது. இடது கால் அடம் பிடித்தது. டாக்டர் சாவி முனையால் உள்ளங்காலைக் கீறும்போதெல்லாம் யூன்சியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் காலை அந்தப் பெருவிரல் புழு மாதிரி நெளிந்தது. அவள் நடைபாதைக்கு ஓடிப்போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடப்பாள் என்றார் டாக்டர். ஓடுவாளா என்பதற்கு, பார்க்கலாம் என்றார்.

ஊரில் ஆன்பிங் எல்லாரிடமும் மைமை மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லி வைத்திருந்தான். யூன்சியாதான் அப்படிச் சொல்லச் சொன்னாள். எத்தனை வாடிக்கையாளரிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறாள்! இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது? தாவ் டீச்சர் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தாள், தினைக் கஞ்சியும் வண்ண பென்சிலும் கொண்டுவந்தாள். மாடிப்படிக் கதை அவள் காதுக்கும் எட்டியிருக்கும். யாரிடமும் அவள் மறுத்துப் பேசவில்லை. அதுதான் யூன்சியாவுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

வெள்ளி அன்னத்தின் குழுவிலிருந்து வெளியேற அவள் மறந்துவிட்டாள். குழந்தைகள் தினம் நெருங்க நெருங்க அதில் வீடியோக்கள் குவிந்தன. ஒரு நாள் சாயங்காலம், வீடு திரும்பியிருந்த மைமை இடுப்புக் கவசத்தோடு கட்டிலில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தபோது, ஹான்ஹான் அம்மாவின் வீடியோ வந்தது. ஹான்ஹான் வளைந்திருந்தாள். அது போதாதென்று அம்மாக்காரி முதுகுக்கடியில் கை கொடுத்து இன்னும் மேலே ஏற்றினாள், கையும் காலும் நெருங்கி வர வேண்டுமாம். பிள்ளை எழுந்து தொடையைத் தடவிக்கொண்டது. படம் முடியும்போது மெல்லிய குரல் கேட்டது: "அம்மா, கால்ல எறும்பு ஊருது." அதற்கு அம்மாவின் சிரிப்பு: "சாக்கு! ஓடு, இன்னொரு தடவை."

 யூன்சியா உடனே அவளைக் கூப்பிட்டாள்.

"ஹான்ஹான் அம்மா, நிறுத்துங்க. அவளைப் படுக்க வைங்க, அசைய விடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு..."

"என்ன ஆச்சு உங்களுக்கு? என் பொண்ணு நல்லாத்தான் நிக்கறா."

"எறும்பு ஊருதுன்னா அது சாதாரணம் இல்ல. மைமையும் அப்படித்தான் சொன்னா."

"மைமை மாடிப்படியில வழுக்கி விழுந்தா. என் பொண்ணு டான்ஸ் ஆடறா. ரெண்டும் ஒண்ணா?" குரல் கூர்மையானது. "உங்க பொண்ணு முன்வரிசைக்கு வர முடியலன்னு வயித்தெரிச்சல் இருக்கும், எனக்குப் புரியுது. அதுக்காக என் பிள்ளை மேல கண்ணு வைக்காதீங்க." போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

யூன்சியா கையில் கைப்பேசியோடு நின்றாள். அதற்குள் இருந்தது அந்த மதியம். அழிக்க மனமில்லாமல், பார்க்கத் தைரியமும் இல்லாமல் வைத்திருந்த படம். பல்லு தெரியச் சிரிக்கச் சொன்ன அவளுடைய குரல், ஒரு கையை எடுத்துக்கொண்டு நகர்ந்த அவளுடைய உடம்பு, எல்லாம் அதில் இருக்கும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள். நாளைக் காலையில் அவர்களுக்குத்தான் அவள் கிண்ணம் நீட்ட வேண்டும்.

யோசித்தால் செய்ய மாட்டோம் என்று தெரிந்து, யோசிக்காமல் குழுவில் போட்டாள். கீழே ஒரே வரி பேசினாள். "மைமை மாடிப்படியில விழல. இதுதான் நடந்தது, நான்தான் பண்ணினேன். ஹான்ஹான் அம்மா, பாருங்க."

கட்டைவிரலும் வரவில்லை, பூங்கொத்தும் வரவில்லை.  யாரோ ஒருத்தி வேறு வீடியோ ஒன்றைப் போட்டு, போட்ட வேகத்தில் திரும்ப எடுத்துக்கொண்டாள். யூன்சியா கட்டிலோரம் உட்கார்ந்து மகளின் இடது பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டாள். கூசுகிறது என்று மைமை காலை இழுத்துக்கொண்டாள்.

ஹான்ஹான் அம்மாவின் பெயரில் ஒரு குரல் செய்தி வந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகி அழுத்தினாள். பேசியது ஹான்ஹான். குரல் மெதுவாக, உதட்டைக்கூட அசைக்கப் பயந்தது போல வந்தது.

"சித்தி, நான் மரப்பொம்மையா படுத்திருக்கேன். அம்மா அழுதுக்கிட்டே ஆம்புலன்ஸுக்கும் தாவ் டீச்சருக்கும் போன் பண்றாங்க. மைமை எவ்வளவு நேரம் அசையாம இருந்தா?"

மைமை பென்சிலைக் கீழே வைத்தாள். "அம்மா, குடு, குடு" என்று கையை நீட்டினாள். யூன்சியாவுக்குக் கண் மறைத்தது. தடவித் தடவி, பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்து, கைப்பேசியை மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

"ஹான்ஹான், ஆம்புலன்ஸ்காரங்க பலகை கொண்டுவர்ற வரைக்கும்" என்றாள் மைமை. "உங்க அம்மா தூக்க வந்தா கத்து. நான் எங்க அம்மாகிட்ட கத்தினேன். அம்மா கேட்டுக்கிட்டாங்க."